மூன்றாம் வாசகம்

புனித ஃப்ளோரியான் பங்கில்
ஞாயிறு அறிவிப்புத் தாளைத் தட்டச்சு செய்பவள் நான்.
பதினான்கு வருஷம்.
இறந்தவர் பெயர், கல்யாண ஓலை,
வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு
உருளைக்கிழங்கு உரிக்க ஆள் தேவை,
எல்லாம் ஒரே எழுத்து, ஒரே அளவு.

இந்தக் குளிர்காலம்
கோவில் தரையைக் கிழித்துச் செப்புக் கம்பி புதைத்தோம்.
பெஞ்சுகளுக்கு அடியில் ஒரு வளையம்.
காதுக் கருவி மாட்டியவர்களுக்கு
மைக்கில் பேசுவது
இருமலும் எதிரொலியும் ஒட்டாமல்
நேரே காதுக்குள் இறங்குமாம்.
வாசல் படியில் சரிவுப் பாதை போட
வைத்திருந்த பணத்தில் பாதி அதற்குப் போயிற்று.
குழுவில் சண்டை. சக்கர நாற்காலிக்கா, காதுக்கா.
ஐந்துக்கு நான்கு.
காது ஜெயித்தது.

கருவிக்காரர்கள் ஏழு பேர்.
இரும்புச் சுரங்கத்தில் துளைபோட்டே
செவி போன கார்ல் ஸ்டிமாக்,
வங்கியில் வேலைபார்க்கும் ஸெல்டா ப்ராஸ்கோ,
காதுக்குப் பின்னால் ஊதாப் பொத்தானோடு
ஒன்பது வயது வினிஃப்ரெட்,
இன்னும் நால்வர்.
எட்டாவது நான்,
சரிபார்க்கக் கொடுத்த ஹெட்போனோடு
கடைசி வரிசையில்.

பூசைக்குப் பத்து நிமிஷம்.
சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி
பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
ஒலிபெருக்கியை இன்னும் போடவில்லை.
தரைக்குள் வளையம் மட்டும் விழித்திருந்தது.
சக்கிறீஸ்துக்குள் தந்தை டேல் பெர்னார்டி
சட்டையில் குத்திய மைக்கை மறந்திருந்தார்.

முதலில் அங்கியின் சரசரப்பு.
பிறகு செருமல்.
பிறகு,
"வளாக மேம்பாட்டின் இரண்டாம் கட்டமாக
பழைய பள்ளி இருக்கும் பகுதி
மறுசீரமைக்கப்படும்."
நிறுத்தினார்.
"நம் கார்களுக்கும் ஓர் இளைப்பாற்றி வேண்டாமா, அன்பர்களே..."
அவருக்கே சிரிப்பு வரவில்லை.

மூச்சு.
இன்னொருவர் மூச்சை
அவ்வளவு கிட்டத்தில்
என் வீட்டுக்காரர் போனபின் நான் கேட்டதில்லை.

"பள்ளியை இடிக்கப் போகிறோம்.
கூரை தாங்காது என்று
இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.
சொல்லப் பயந்தேன்.
நான் சொல்லாமல் இருந்த நாட்களில் குழாய் வெடித்தது.
காப்பாற்றியிருக்கக்கூடியதும் போயிற்று.
என்னை மன்னியுங்கள்."

கார்ல் மெல்லத் திரும்பி
ஸெல்டாவைப் பார்த்தார்.
ஸெல்டா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.
மற்ற நூற்றுப்பத்துப் பேரும்
பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிவில் அவர் படித்தது முதலாவதை.
மறுசீரமைக்கப்படும்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
அந்தச் சொல்லைப் பிடித்துக் கேட்க
அதில் கைப்பிடி ஏது.

கீழ்க்கூடத்தில் காபி.
கார்ல் பேசாமல் டோனட் தட்டை
அவர் பக்கம் தள்ளினார்.
ஸெல்டா அவர் தோளிலிருந்து
இல்லாத நூல் ஒன்றை எடுத்துப் போட்டாள்.
வினிஃப்ரெட் வாயைத் திறந்தாள்,
"ஃபாதர், மூணாவது..."
கார்ல் அவள் கையிலும் ஒரு டோனட்டை வைத்தார்.
அவருக்கு ஒன்றும் புரியவில்லை.
ஏன் இன்று எல்லோரும் இவ்வளவு அன்பாக, என்று
என்னிடம் கேட்டார்.
பனி அதிகம் அல்லவா, என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில்
வாய்ப்பூட்டு கேட்டவருக்குத்தான்.
அன்று கேட்டவர்கள் நாங்கள்.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை தட்டச்சு செய்தேன்,
ஒரே ஒரு பிரதி.
மூன்றாவதை, சொல் மாற்றாமல்.
அவர் மேசையில் மின்கட்டண ரசீதின் மேல் வைத்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு
நேரத்தோடு கிளம்பினேன்.
அன்றிரவு தூங்கவில்லை.
வேலை போகும் என்று நினைத்தேன்.
அதைவிட, அவர் இனி என் முன்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்டே நடமாடுவார் என்று.

புதன் காலை
தாள் என் மேசைக்கு வந்திருந்தது.
பென்சிலில் ஒரே திருத்தம்:
குழாய் அல்ல, குழாய்கள். இரண்டு.
அடியில்,
நூற்றெண்பது பிரதி.
எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.